ஆண்குறி முறிவு அறுவை: தியேட்டர் அருமை, வாசலும் வழியனுப்புதலும் சுமார்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யூராலஜியில் செய்த வேலைக்குப் பலன் தெளிவாகத் தெரிகிற அறுவைகளில் இது ஒன்று. சுமார் ஒரு மணி நேரம், ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசல், நாலைந்து தையல். நேரத்துக்குச் செய்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு விறைப்பும் வடிவமும் பழையபடி திரும்புகின்றன. சேவை கெடுவது கத்தி பிடிக்கிற இடத்தில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும்தான். முன்னால் கேசுவாலிட்டி கவுன்டர், பின்னால் டிஸ்சார்ஜ் சீட்டு. அதனால் இந்த மதிப்பீட்டில் எந்த மருத்துவமனைக்கும் பெயர் சொல்லி நட்சத்திரம் போடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியானாலும் ஏ.சி. வார்டு உள்ள தனியாரானாலும் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கிடைக்க வேண்டும், எங்கே ஏமாறுகிறோம், எங்கே வீண்செலவு என்று பார்க்கிறோம்.

பெயரில் முறிவு என்று இருப்பதால் எலும்பைத் தேட வேண்டாம். உள்ளே எலும்பே கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரத்தக் குழல்கள், பஞ்சு போன்ற திசு நிரம்பியவை. அவற்றைச் சுற்றி டியூனிகா என்கிற வெள்ளை உறை. தளர்ந்த நிலையில் அந்த உறை சுமார் 2 மி.மீ. தடிமன். விறைத்து நிற்கும்போது இழுபட்டு கால் மி.மீ. முதல் அரை மி.மீ. வரை மெலிந்துவிடும். காற்று முட்ட அடித்த சைக்கிள் டியூபை மடக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். உறையின் அடிப்பக்கம், சிறுநீர்த் தாரைக்கு (சிறுநீர் வெளியே வரும் பாதை, இனி தாரை) இருபுறமும், இயல்பிலேயே வலுக்குறைவான பகுதி. வெளி அடுக்கின் நார்கள் அங்கே சரியாக ஓடுவதில்லை. கிழிசல் பெரும்பாலும் அங்கேதான், குறுக்குவாட்டில், ஒரு பக்கத்தில் மட்டும் விழும்.

எப்படி நேர்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. உடலுறவில் வெளியே நழுவி, துணையின் இடுப்பெலும்பிலோ பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதியிலோ வேகமாக மோதுவது முதல் காரணம். துணை மேலே இருக்கும் நிலையில் ஆண் கையில் கட்டுப்பாடு குறைவு என்பதால் மருத்துவர்கள் அதைக் குறிப்பாகக் கேட்பார்கள். தூக்கத்தில் புரண்டு படுப்பது, விறைப்பைக் கையால் மடக்கி அடக்கப் பார்ப்பது ஆகியவையும் உண்டு. ஈரானின் கெர்மான்ஷா பகுதியில் விறைப்பை அடக்கக் கையால் சொடுக்கெடுப்பதுபோல் மடக்கும் பழக்கத்துக்கு 'தகாந்தன்' என்றே பெயர். அதனால் இந்தக் காயத்தைப் பற்றிய பெரிய அளவிலான மருத்துவப் பதிவுகள் அந்த ஊரிலிருந்து வந்திருக்கின்றன. கேலி பேசுகிறவர்களுக்கு இது வேடிக்கை. அடிபட்டவனுக்கு அன்றிரவு நடு வயிற்றில் கல்லைக் கட்டியதுபோல் இருக்கும்.

அடையாளம் நான்கு: 'டப்' என்றோ சொடுக்கு விழுந்ததுபோலவோ ஒரு சத்தம், வலி, விறைப்பு அந்த நொடியே இறங்கிப்போவது, பிறகு வீக்கமும் கருநீலமும். வெள்ளை உறைக்கு மேலே, தோலுக்கடியில் இருக்கும் இன்னொரு உறையைத் தாண்டி ரத்தம் பரவாவிட்டால் தண்டு மட்டும் வீங்கி, கிழிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைந்து, அசல் கத்தரிக்காய் மாதிரி நிற்கும். மருத்துவப் புத்தகங்களிலும் அதே காய்தான் உவமை. அந்த மேலுறையும் கிழிந்திருந்தால் விதைப்பை, தொடை இடுக்கு வரை கருப்பு இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கருப்பு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துக் காயத்தின் அளவைக் கணக்கிட முடியாது. கவனிக்க வேண்டியது வேறு: சிறுநீர்த் துவாரத்தில் ஒரு சொட்டு ரத்தம், சிறுநீர் சிவப்பாகப் போவது, முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் தாரை கிழிந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வாசலுக்கு வருவோம். இரவு பதினொன்றரை. கவுன்டரில் சீட்டு எழுதுகிறவர் பத்துப் பேர் காது கேட்க "என்ன பிரச்சினை?" என்கிறார். வந்தவர் "கட்டில்ல இருந்து விழுந்துட்டேன்" என்கிறார். இந்த ஒரு பொய்யில் பாதிச் சேவை போய்விடுகிறது. விழுந்த கேஸ் என்றால் டியூட்டி டாக்டர் வலி ஊசி போட்டு, வீக்கம் வற்ற மாத்திரை எழுதி, திங்கட்கிழமை ஓ.பி.க்கு வரச் சொல்லி அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். கவுன்டரில் "ஆணுறுப்புல அடி, ரத்தக்கட்டு, டாக்டர்கிட்டதான் சொல்லணும்" என்று நிறுத்திக்கொள்ளலாம். உள்ளே திரைக்குப் பின்னால் மூன்று வார்த்தைதான் தேவை: "விறைப்பா இருக்கும்போது அடிபட்டது, சத்தம் கேட்டது, உடனே தளர்ந்துவிட்டது." இதைக் கேட்டும் யூராலஜி டாக்டரைக் கூப்பிடாத கேசுவாலிட்டி இந்தக் காயத்துக்கு உதவாது. வேறிடம் பார்க்கலாம்.

நல்ல வாசல் எப்படி இருக்கும்? திரை இழுத்துவிடுவார்கள். நேரம் எப்போது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, சிறுநீர் போனதா, போனது என்ன நிறம் என்று கேட்பார்கள். வீரிய மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வி ஒழுக்கம் பார்ப்பதற்காக அல்ல. சில்டனாபில், தடாலாபில் வகை உடலில் இருக்கும்போது நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும், மயக்க மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். என்பார்கள். அதைப் பார்த்துப் போலீஸ் கேஸ் என்று ஓட வேண்டியதில்லை. யாராவது வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் கதை வேறு.

மருத்துவமனை போய்ச் சேரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுக்கலாம், நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். உறுப்பை மேல்நோக்கி வயிற்றோடு அணைத்தபடி இறுக்கமான ஜட்டி. தடவுவது, எண்ணெய் போடுவது, நேராக்கப் பார்ப்பது, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி இல்லாமல் திட்டமிட்ட மயக்கம் கொடுக்கத் தயங்குவார்கள். பயத்தில் வழியில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டால் அறுவை அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

அடுத்தது ஸ்கேன். தேவையற்ற செலவு கூடுகிற இடம் இது. சத்தம், உடனடித் தளர்ச்சி, கருநீல வீக்கம் மூன்றும் சேர்ந்து இருந்தால் நோய் உறுதி. அதற்கு மேல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் காத்திருப்பது நோயாளியின் பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: அறிகுறி தெளிவாக இருந்தால் தாமதமின்றித் திறந்து பார்த்துத் தைப்பது, சந்தேகமாக இருந்தால் அல்ட்ராசவுண்ட். எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே துல்லியமானதுதான், கிழிசலின் கோட்டைக் கறுப்பு வெள்ளையில் காட்டிவிடும். சந்தேகக் கேஸுக்கு மட்டும் அது போதும். அல்ட்ராசவுண்ட் மலிவு, கையோடு முடியும், ஆனால் எடுக்கிற கை அனுபவமுள்ளதாக இருக்க வேண்டும். ரத்தக்கட்டு மறைப்பதால் சின்னக் கிழிசல் தெரியாமல் போவதுண்டு. "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்ற ஒற்றை வரியை வைத்து, கத்தரிக்காய் மாதிரி வீங்கியவரை வீட்டுக்கு அனுப்பினால் அது தப்பு.

சந்தேகக் கேஸ் என்பது என்ன? தோலுக்கடியில் மேற்புறம் ஓடும் ரத்தநாளம் மட்டும் அறுந்தாலும் இதேபோல் வீங்கும், கருக்கும். ஆனால் அப்போது சத்தம் பெரும்பாலும் இருக்காது, விறைப்பும் சட்டென்று இறங்காமல் மெல்லத்தான் குறையும். அதுவும் கட்டாய விதி அல்ல. நல்ல சர்ஜன்கள் சிலசமயம் திறந்து பார்த்துவிட்டு "உறை முழுசா இருக்கு, ரத்தநாளம்தான் அறுந்திருக்கு" என்று அதைக் கட்டி மூடுவார்கள். அந்த அறுவையை வீண் என்று நினைக்க வேண்டாம். உண்மையான கிழிசலைத் திறக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். தாரை சந்தேகம் இருந்தால் துவாரம் வழியாகச் சாயம் ஏற்றிய எக்ஸ்ரேயோ, தியேட்டரிலேயே மெல்லிய குழல் கேமரா விட்டுப் பார்ப்பதோ அவசியம். இதைப் பார்க்காமலே டியூட்டியில் இருப்பவர் சிறுநீர்க் குழாயைத் திணித்தால், பாதி கிழிந்த தாரை முழுசாகக் கிழியலாம். ரத்தச் சொட்டு இருக்கிறது என்று நோயாளியோ கூட வந்தவரோ உரக்கச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

கையெழுத்துப் போடும் தாளை நிறையப் பேர் படிப்பதில்லை. இந்த அறுவையில் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கிழிசலைத் தேட மொட்டுக்குக் கீழே சுற்றி வெட்டித் தோலைக் காலுறைபோல் உருட்டி இறக்குவது வழக்கமான வழி. முன்தோல் உள்ளவருக்கு இப்படிச் செய்தால் மிஞ்சிய முன்தோல் வீங்கி, சிலருக்கு ரத்த ஓட்டம் குறைந்து கருகிப்போகும். அதனால் பல சர்ஜன்கள் அதே மேசையில் முன்தோலையும் எடுத்துவிடுவார்கள். அதை விழித்த பிறகு தெரிந்துகொள்வது அதிர்ச்சி. முன்பே கேட்டால், ரத்தக்கட்டு கையில் உருண்டு தட்டுப்படும் இடத்துக்கு நேராகச் சின்ன வெட்டு, அல்லது அடிப்பக்கத்தில் விதைப்பையோடு சேரும் இடத்தில் நெடுக்கு வெட்டு என்று மாற்று உண்டா என்று சொல்வார்கள். அடியில், உடலோடு ஒட்டிய பகுதியில் உள்ள கிழிசலுக்கு அந்த நெடுக்கு வெட்டே வசதி. இடம் எதுவென்று தெரியாதபோதும், இருபுறமும் பார்க்க வேண்டியிருக்கும்போதும் சுற்று வெட்டுக்கு இணை இல்லை. எதைத் தேர்ந்தாலும் காரணத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

தியேட்டருக்குள் நடப்பது கச்சிதமான வேலை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம். ஆன்டிபயாடிக் ஊசி வெட்டுக்கு முன்பே. தோலை இறக்கியதும் முதலில் கண்ணில் படுவது கறுத்த ஜெல்லிபோல ரத்தக்கட்டு. அதை வழித்து எடுத்து உப்புநீரால் கழுவினால் கட்டி எங்கே தடிமனாக இருந்ததோ அதன் நேர் அடியில் வெள்ளை உறையில் ஒரு வாய் தெரியும். தெரியாவிட்டால் அடிப்பகுதியில் ரப்பர் பட்டையைக் கட்டி, பட்டாம்பூச்சி ஊசி வழியாகக் குழலுக்குள் சலைன் ஏற்றுவார்கள். உறுப்பு செயற்கையாக விறைக்கும், ஓட்டை இருக்கும் இடத்தில் நீர் பீய்ச்சும். பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கிழிசல் தாரைக்குப் பின்னால் ஓடினால் தாரையைக் கவனமாக விலக்கி மறுகோடி வரை பார்க்க வேண்டும். பாதியை மட்டும் தைத்து மூடிய கேஸில் ரத்தக்கட்டு மறுபடி வரும். இரண்டு குழலும் கிழிந்திருந்தால் நடுவில் இருக்கும் தாரையும் தப்பியிருக்காது என்று நினைத்தே தேடுவார்கள். தையலுக்குக் கரையும் நூல்: 2-0 அல்லது 3-0 அளவு, பி.டி.எஸ். அல்லது விக்ரில். தனித்தனி முடிச்சு, முடிச்சு உள்பக்கம் திரும்பும்படி. கரையாத நைலான் வகை போட்டால் பின்னால் தோலுக்கடியில் முடிச்சு முள்போல் தட்டுப்படும், விறைக்கும்போது உறுத்தும். ஊசி உறையை மட்டும் பிடிக்க வேண்டும். ஆழமாகப் போய்ப் பஞ்சுத் திசுவைச் சேர்த்துக் கட்டினால் வடு பெரிதாகும். ஓரங்களை அதிகம் வெட்டிச் சீவக் கூடாது. சீவினால் அந்தப் பக்கம் குட்டையாகி வளைவு வரும். தைத்த பிறகு மறுபடி சலைன் ஏற்றி ஒழுகலும் வளைவும் பார்ப்பது நல்ல சர்ஜனின் அடையாளம். அறுவைக் குறிப்பில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பின்னால் படித்துப் பார்க்கலாம்.

தாரை கிழிந்திருந்தால் வேலை கொஞ்சம் நீளும். பாதிக் கிழிசலை 4-0, 5-0 போன்ற மெல்லிய கரையும் நூலால், உள்ளே 14 அல்லது 16 அளவுக் குழாயை வைத்து அதன் மேல் தைப்பார்கள். முழுக்க அறுந்திருந்தால் இரு முனைகளையும் சற்று நெடுக்கில் பிளந்து அகலமாக்கி, இழுவிசை இல்லாமல் சேர்ப்பார்கள். வாயை அகலப்படுத்தாமல் நேராக ஒட்டினால் ஆறிய பிறகு சுருங்கும். குழாய் 2 முதல் 3 வாரம். இத்தனை நாள் இருக்கப்போகிற குழாய் சிலிகானாக இருந்தால் நல்லது. மஞ்சள் ரப்பர் குழாயைவிட விலை கூடுதல், ஆனால் எரிச்சலும் உப்புப் படிவதும் குறைவு. பில்லில் சந்தேகப்படக் கூடாத பொருள் அது. தாரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் குழாயை மறுநாள் காலையே எடுத்துவிடலாம். காரணம் சொல்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

அறுவை முடிந்ததும் சுற்றி ஒரு அழுத்தக் கட்டு, பெரும்பாலும் தன்னோடு ஒட்டிக்கொள்ளும் கோபன் வகை. இது வீக்கத்தைக் கட்டுப்படுத்த. ஆனால் இறுக்கம் கூடினால் அதுவே வினை. மொட்டின் நுனி எப்போதும் வெளியே தெரிய வேண்டும். நர்ஸ் விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். கருத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ கட்டைத் தளர்த்தச் சொல்ல வெட்கப்படக் கூடாது. 24 முதல் 48 மணி நேரத்தில் கட்டைப் பிரிப்பார்கள். அதற்குள் தோல் பரோட்டா மாவுபோல உப்பியிருக்கும். அது கிழிசலின் வீக்கமல்ல, தோலின் நீர்வீக்கம். இரண்டு வாரத்தில் வற்றும். கருநீலம் பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும்.

பலருக்கு ஒன்றிரண்டு நாளில் டிஸ்சார்ஜ். சேவை இரண்டாவது முறையாகக் கோட்டை விடுவது இங்கே. கையில் கொடுக்கிற சீட்டில் ஆன்டிபயாடிக் 5 நாள், வலி மாத்திரை 5 நாள், 'ஒரு வாரம் கழித்து வரவும்' என்று மூன்று வரி. எப்போது உடலுறவு கொள்ளலாம், ராத்திரி தானாக விறைத்தால் என்ன செய்வது, வண்டி ஓட்டலாமா, எதுவும் இருக்காது. நோயாளியும் வெட்கத்தில் கேட்க மாட்டார். அதனால் அந்த வரிகளை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறோம்.

ராத்திரி விறைப்புதான் முதல் வாரங்களின் பெருந்தொல்லை. தூக்கத்தில் ஒரு ராத்திரிக்குச் சில முறை இயல்பாக வரும், அதை மனத்தால் நிறுத்த முடியாது. தையல் அதனால் தெறித்துவிடும் என்று தூங்காமல் கிடக்கிறவர்கள் உண்டு. ஒழுங்காகத் தைத்த உறை அந்த அளவு விறைப்பைத் தாங்கும், பயப்பட வேண்டியதில்லை. வலி வந்து விழித்தால் எழுந்து நின்று, சிறுநீர் கழித்து, ஐந்து நிமிடம் நடந்தால் இறங்கிவிடும். படுக்கும் முன் சிறுநீர் கழிப்பதும், இரவு தண்ணீரைக் குறைத்துப் பகலில் குடிப்பதும் உதவும். சில மருத்துவர்கள் சில நாட்களுக்குத் தூக்கம் தரும் மாத்திரையோ விறைப்பைக் குறைக்கும் மருந்தோ எழுதுவார்கள், பலர் எழுதுவதில்லை. அதனால் எவ்வளவு பலன் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. ஆகவே அது கிடைக்கவில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

உடலுறவும் சுய இன்பமும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். நாலு வாரம் என்று சொல்கிற சர்ஜன்களும் இருக்கிறார்கள், தாரையும் தைத்திருந்தால் ஆறுக்குக் குறையாது. இந்தக் கணக்கு காற்றில் வந்ததல்ல. கரையும் நூல் வாராவாரம் வலு இழந்துகொண்டே வரும், அதே வாரங்களில் திசு தன் சொந்த வலுவைச் சேர்த்துக்கொண்டே வரும். நடுவில் வலி இல்லையே என்று மூன்றாவது வாரம் முயற்சி செய்தால் நூலும் பாதி, திசுவும் பாதியாக இருக்கிற நேரத்தில் இழுப்பதாகும். விக்ரில் முழுக்கக் கரைய 2 முதல் 2½ மாதம், பி.டி.எஸ். சுமார் அரை ஆண்டு. ஆறு வாரம் முடிந்து தொடங்கும்போதும் மெதுவாக, துணை மேலே இருக்கும் நிலையைச் சில மாதம் தள்ளிவைத்து, வறட்சி இருந்தால் மசகு ஜெல் போட்டுக்கொண்டு. துணையை ஒரு செக்கப்புக்காவது கூட்டிப்போவது நல்லது. தன்னால்தான் ஆனது என்று பயந்துபோய் ஒதுங்கியிருப்பவர்களிடம் "யாருடைய தவறும் இல்லை" என்று மருத்துவர் வாயால் சொன்னால் வீட்டில் பாதிச் சிக்கல் தீரும்.

மற்றவை சுருக்கமாக. கட்டு பிரித்த பிறகு குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். தொட்டியிலும் கிணற்றிலும் இறங்கக் கூடாது. தோல் தையல் இரண்டு மூன்று வாரத்தில் தானாக உதிரும், இழுக்க வேண்டாம். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். பைக் இரண்டு மூன்று வாரம் கழித்து, சைக்கிளும் ஜிம்மும் மூட்டை தூக்குவதும் ஆறு வாரம் கழித்து. மலச்சிக்கல் வரவிடாமல் நார்ச்சத்து, தண்ணீர், தேவையானால் இசப்கோல். முக்கினால் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறும். புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டில் இல்லாதவருக்கும் புண் ஆறத் தாமதமாகும். குழாயோடு வீட்டுக்கு வந்தவர்கள் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், குழாயைத் தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்திரியால் ஒட்டி இழுபடாமல் பார்க்க வேண்டும். எடுப்பதற்கு முன் குழாயின் பக்கவாட்டில் சாயம் விட்டு ஒழுகல் இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது முறையான வழி. அதைச் செய்யாமல் "நாள் ஆச்சு, எடுத்துடலாம்" என்பது சேவைக் குறைபாடு.

உடனே திரும்பிப் போக வேண்டிய நேரங்கள்: கட்டு நனைந்துகொண்டே இருப்பது, வீக்கம் திடீரென இரட்டிப்பது, காய்ச்சல், சீழ், சிறுநீர் நின்றுபோவது, வெட்டு வழியாகச் சிறுநீர் கசிவது. தையல் போட்ட பிறகு மறுபடி ஒரு 'டப்' கேட்டால் அன்றே.

நாளடைவில் வருபவை வேறு. தைத்த இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் வடுதான், மாதங்களில் மென்மையாகும். லேசான வளைவு வரலாம். உறவுக்குத் தடையாக இல்லாவிட்டால் விட்டுவிடலாம், கூடிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். சுற்று வெட்டு போட்டவர்களுக்கு மொட்டுக்குக் கீழே தோலில் சில மாதம் மரமரப்பு இருக்கும். விறைப்புக் குறைவு என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் பயம். காலையில் தானாக விறைக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றால் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். காலையிலும் இல்லை, மாதக்கணக்காக இல்லை என்றால் ஊசி போட்டு எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் ரத்தம் வருவதையும் தங்குவதையும் அளக்கும். மருந்துக்கடையில் நீல மாத்திரை வாங்கித் தானாகச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் முதல் ஆறு வாரத்தில் கெடுதல். பின்னாலும் மருத்துவர் சொல்லித்தான். தாரை தைத்தவர்கள் மூன்றாவது மாதம் சிறுநீர் வேகம் அளக்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் நூல்போல மெலிந்து வருவது, இரண்டாகப் பிரிவது, முக்க வேண்டியிருப்பது தாரை சுருங்கியதன் அடையாளம்.

அறுவையே வேண்டாம், கட்டும் ஐஸும் போதும் என்று அந்தக் காலத்தில் விட்டதுண்டு. இன்றும் சில இடங்களில் அந்த யோசனை கிடைக்கும். அப்படி விட்டவர்களிடம் வளைவு, தடித்த வடு, விறைப்புக் குறைவு, சீழ்க்கட்டு எல்லாம் அதிகம் என்பதால்தான் உலகம் அறுவைப் பக்கம் திரும்பியது. முதல் 24 மணி நேரம் சிறந்தது. வெட்கத்தில் மூன்று நாள், ஐந்து நாள் கடத்தி வந்தவர்களையும் திருப்பி அனுப்பக் கூடாது. அப்போதும் தைக்கலாம், பலனும் கிடைக்கிறது. ரத்தக்கட்டு இறுகியிருப்பதால் தேடுவது சிரமம், அவ்வளவுதான்.

எந்த வகை இடம்? யூராலஜித் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தக் காயத்துக்கு முதல் தேர்வு. ராத்திரியில் அந்தத் துறையின் முதுநிலை மாணவராவது இருப்பார், தியேட்டர் இருக்கும், செலவில்லை. குறை தனிமை: ரவுண்ட்ஸில் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், யாராவது போனை நீட்டுவார்கள். கற்பிப்பதற்குப் பார்ப்பது வேறு, படம் எடுப்பது வேறு. எழுத்தில் ஒப்புதல் தராமல் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. பெரிய தனியாரில் திரையும் மரியாதையும் கிடைக்கும், கூடவே எம்.ஆர்.ஐ.யும் ஐ.சி.யூ. ஒரு நாளும் பில்லில் ஏற வாய்ப்புண்டு. வேறு நோய் இல்லாதவருக்கு இந்த அறுவைக்குப் பின் ஐ.சி.யூ. எதற்கு என்று கேட்கலாம். காப்பீட்டு மேசையில் 'விபத்து' என்றா 'அவசர அறுவை' என்றா எந்தத் தலைப்பில் அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன நர்சிங் ஹோமுக்கும் இதைச் செய்யத் தகுதி இருக்கலாம், ஆனால் போனிலேயே மூன்று கேள்வி: இன்றிரவே யூராலஜி சர்ஜன் வருவாரா, தாரை கிழிந்திருந்தால் இங்கேயே தைப்பீர்களா, குழல் கேமரா இருக்கிறதா? முதல் கேள்விக்கே "காலையில் வருவார்" என்றால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

டிஸ்சார்ஜ் அன்று அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கிழிசல் எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., எந்த நூல், தாரையைச் சோதித்தார்களா, சலைன் ஏற்றிப் பார்த்தார்களா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் "இங்கே ஒரு கட்டி தட்டுப்படுது சார்" என்று போய் நிற்கும்போது அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.